யு/ஏ 16+ படத்துக்கு ஆறு வயதுப் பையனை வாசலில் ஏன் யாரும் தடுக்கவில்லை?

மதுரையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு பெரிய நடிகர் படத்துக்குப் போனோம். யு/ஏ 16+ என்று போட்டிருந்தது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. டிக்கெட் கிழிப்பவர் ஒன்றும் கேட்கவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்னால், ஒரு வீட்டுக்குள் புகுந்து வெட்டுகிற காட்சி. பையன் அலறிவிட்டான். நாலு ராத்திரியாக விளக்கை அணைக்க விடுவதில்லை. தியேட்டர் மேல் புகார் கொடுக்கலாமா? சென்சார் இதை எப்படி விட்டது? இப்போது பையனுக்கு என்ன செய்வது?"

மூன்றாவது கேள்விதான் அவசரமானது. ஆனாலும் முதல் இரண்டுக்கும் பதில் தெரிந்தால்தான் அடுத்த முறை இப்படி நடக்காது. அதனால் வரிசையாகவே போகிறேன்.

தியேட்டர் மேல் புகார் நிற்காது. யு/ஏ என்ற முத்திரை பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கை. வாசலில் ஆளைத் தடுக்கும் அதிகாரத்தை அது யாருக்கும் தரவில்லை. 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டத்தில், யு/ஏ குறிப்பை மீறிப் பிள்ளைகள் உள்ளே போனால் தியேட்டர்காரரையோ விநியோகஸ்தரையோ தண்டிக்க முடியாது என்றே எழுதியிருக்கிறது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, பழைய யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். அப்போதும் இந்த வயதுக் குறியீடுகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர்கள் பெற்றோரும் காப்பாளரும் மட்டுமே என்பதை மாற்றவில்லை. "16+ என்றால் 16 வயதுக்குக் கீழே விடமாட்டார்கள்" என்று பலர் நம்பி வருகிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். விட்டுவிட்டார்களே, அப்படியானால் பரவாயில்லை போல என்று தோன்றுவது இயல்புதான். அந்த வாசலில் உங்களைத் தவிர வேறு காவல் கிடையாது.

'ஏ' முத்திரை வேறு சங்கதி. 18 வயது நிறையாதவரை 'ஏ' படத்துக்கு உள்ளே விட்டால், அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி அது சட்ட மீறல், தியேட்டர்காரர் மேல் நடவடிக்கை வரும். இங்கே பெற்றோர் கூட வந்தாலும் செல்லாது. "நான்தான் அப்பன், என் பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன், உனக்கென்ன" என்று வாசலில் நடக்கும் சண்டையில் சட்டம் டிக்கெட் கிழிப்பவர் பக்கம் நிற்கிறது. அவரைத் திட்டாதீர்கள். அவர் வேலையைச் சரியாகச் செய்கிறார். 'ஏ' படத்துக்குச் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உள்ளே விடுகிற தியேட்டரைப் பார்த்தால் அப்போது புகார் கொடுங்கள். டிக்கெட்டை வைத்துக்கொண்டு, படத்தின் பெயர், தேதி, காட்சி நேரம் மூன்றையும் எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுக்கலாம். தியேட்டர் உரிமம் மாவட்ட ஆட்சியர் கையில் இருக்கிறது. உரிமம் கொடுக்கிறவரிடம் போகும் மனுவுக்குத் தனிக் கனம் உண்டு.

சரி, சென்சார் எப்படி விட்டது? முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். 1983-இலேயே 'சென்சார் போர்டு' என்ற பெயர் போய், மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம் என்று ஆகிவிட்டது. பெயரில் சான்றிதழ் வந்தாலும் கத்தரி கையை விட்டுப் போகவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஒரு படம் வாரியத்தின் ஆய்வுக் குழு முன்னால் திரையிடப்படுகிறது. பார்த்து முடித்ததும் "இப்படியே விட்டால் ஏ, இன்ன இன்ன இடங்களைக் குறைத்தால் யு/ஏ 16+" என்று குழு சொல்கிறது. தயாரிப்பாளருக்கு 'ஏ' என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். குடும்பக் கூட்டம் வராது. தொலைக்காட்சியில் அப்படியே போட முடியாது, மறுபடி வெட்டி மறுசான்றிதழ் வாங்க வேண்டும், சேட்டிலைட் உரிமையின் விலை விழும். அதனால் வெட்டச் சம்மதிப்பார். குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். அதற்கும் மேலே டெல்லியில் ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். வெளியீட்டுத் தேதி அறிவித்துவிட்ட தயாரிப்பாளர் பெரும்பாலும் நீதிமன்றப் படியேறத் துணிவதில்லை. வெட்டிக்கொண்டு போகிறார்.

வெட்டு என்றால் என்ன என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வன்முறைக் காட்சி முழுதாகப் போவது அபூர்வம். "வெட்டும் ஷாட்டுகளை 50 சதவீதம் குறைக்கவும்", "ரத்தத்தின் நிறத்தை மங்கலாக்கவும்", "கழுத்து அறுபடும் குளோசப்பை நீக்கவும்", "இன்ன வசைச் சொல்லின் ஒலியை அணைக்கவும்" என்ற மாதிரித்தான் இருக்கும். பத்து வெட்டு ஐந்தாகும். சிவப்பு ரத்தம் கறுப்பாகும். ஆனால் கதவு உடைகிற சத்தம், அம்மாவின் அலறல், கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் பிள்ளையின் மூச்சு, அரிவாள் தரையில் உரசிக்கொண்டு வரும் ஒலி எல்லாம் அப்படியே இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையை அடிப்பது இவைதான். உங்கள் மகன் அலறியது ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து அல்ல, ஒரு வீட்டுக்குள் ஆள் புகுந்ததைப் பார்த்து.

ஆக, பெரியவர்கள் முழுதாகப் பார்க்க வேண்டிய படம் வெட்டுப்பட்டு அரைகுறையாகிறது. அதே வெட்டினால் சின்னப் பிள்ளைகளுக்குக் கதவும் திறந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் நட்டம். 1991-இல் வெளியான வழிகாட்டு நெறிகளில், பிள்ளைகளை வன்முறைக்கு இரையாகவோ, செய்பவராகவோ, கட்டாயச் சாட்சியாகவோ காட்டும் காட்சிகளைப் பற்றித் தனியாக எச்சரித்திருக்கிறார்கள். அந்தக் கவலை சரியானது. ஆனால் அதற்குக் கத்தரி மருந்தாகாது. 2016-இல் ஷியாம் பெனகல் தலைமையிலான குழு, வாரியம் வெட்டும் வேலையை விட்டுவிட்டு வயதுப்படி வகைப்படுத்துவதோடு நிற்கட்டும் என்று பரிந்துரைத்தது. வயதுப் பிரிவுகள் 2023 திருத்தத்தில் வேறு எண்களோடு வந்துவிட்டன. கத்தரி மட்டும் போகவில்லை. கடுமையான படத்துக்கு வெட்டில்லாமல் 'ஏ' கொடுங்கள், வாசலில் கண்டிப்பாக இருங்கள் என்பதே என் கட்சி. அதுதான் பிள்ளைக்கும் பாதுகாப்பு, படத்துக்கும் மரியாதை.

தமிழ்நாட்டுக்கென்று இன்னொரு காரணமும் இருந்தது. 2006-இலிருந்து தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கிடைத்தது. 2011-இல் அதற்கு 'யு' சான்றிதழும் வேண்டும் என்று சேர்த்தார்கள். நோக்கம் நல்லதுதான். நடந்தது வேறு. அரிவாள் படமெல்லாம் எப்படியாவது 'யு' வாங்கியாக வேண்டும் என்று முண்டியடித்தன. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த விலக்கு முடிந்தது. அந்தக் காலத்துப் படங்கள் இன்றும் தொலைக்காட்சியில் ஓடுகின்றன. 'யு' என்று போட்டிருக்கிறதே என்று 2011-க்கும் 2017-க்கும் இடைப்பட்ட சண்டைப் படத்தைப் பிள்ளைகள் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்.

மதுரைப் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பயம் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டு நகரத்தில் துப்பாக்கி வெடித்தால் பிள்ளைக்கு அது எங்கோ நடப்பது. வைகைப் பாலத்தில், தெப்பக்குளத்துப் படியில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குள் அரிவாளோடு துரத்தினால், அது நாளைக்கு நாம் போகப்போகிற இடம். பல வருடங்களாகத் தமிழ் சினிமாவில் மதுரை என்றாலே அரிவாள்தான். வெளியூர்க்காரருக்கு அது வெறும் கதைக்களம். நம் பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடம் போகும் வழி. மதுரை பின்னணிப் படம் என்றால் முத்திரைக்கு மேல் ஒரு படி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்: 13+ என்று போட்டிருந்தால் 16+ என்று எண்ணுங்கள்.

இனிப் பையனுக்கு வருவோம்.

ஏழு, எட்டு வயது வரை பிள்ளைகள் பார்த்த தோற்றத்துக்கும் கேட்ட சத்தத்துக்கும் பயப்படுவார்கள். அதற்கு மேல், இது நமக்கும் நடக்குமா என்ற எண்ணத்துக்குப் பயப்படுவார்கள். பிள்ளைகளின் திரைப் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜோவான் கேன்டரின் ஆய்வுகள் காட்டும் அடிப்படை வேறுபாடு இது. மருந்தும் அதற்கேற்ப மாறும். ஆறு வயதுக்காரனிடம் "அதெல்லாம் பொய்டா, நடிப்பு" என்று நூறு முறை சொன்னாலும் ஏறாது. "நடிப்பு" என்று அவனே திருப்பிச் சொல்வான், ஆனாலும் விளக்கை அணைத்தால் அழுவான். அவனுக்கு வேண்டியது உடம்புக்கு ஆறுதல்: பக்கத்தில் ஆள், கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது, மங்கலான ஒரு விளக்கு, தெரிந்த ஒரு கதை. விளக்கை ஒரே நாளில் அணைக்காதீர்கள். இந்த வாரம் டியூப்லைட், அடுத்த வாரம் ஜீரோ வாட் பல்பு, அதற்கடுத்து அறைக்கு வெளியே எரியும் விளக்கு. தூங்கும்முன் அவனையே கூட்டிக்கொண்டு போய் வாசல் தாழ்ப்பாளை அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். அவன் பயம் வீட்டுக்குள் ஆள் புகுந்துவிடுவான் என்பதுதானே. தாழ்ப்பாள் விழும் சத்தத்தை அவன் காது கேட்கட்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, ஒரே ஒரு தடவை. பத்துத் தடவை சரிபார்க்க விட்டால் அதுவே புதிய பயமாகிவிடும்.

பார்த்ததை வரையச் சொல்லலாம். வரைந்த பின் அந்த ஆளுக்கு என்ன ஆக வேண்டும் என்று கேளுங்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போவது போலவோ, நாய் துரத்துவது போலவோ அவனே முடித்து வைப்பான். வற்புறுத்த வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்கள் "பயந்த கோளாறு, மந்திரிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். கோயிலோ பள்ளிவாசலோ, கூட்டிப் போவதில் தப்பில்லை. நெற்றியில் திருநீறு பூசி ஒரு பெரியவர் தலையில் கைவைத்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது உண்மையான ஆறுதல். ஆனால் அங்கே போய், "இவன் என்னத்தையோ பார்த்துப் பயந்துட்டான், ராத்திரியெல்லாம் அலறுறான்" என்று அவன் காதுபடக் கதை சொல்லாதீர்கள். "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்பதும் வேண்டாம். அப்படிச் சொன்னால் பயம் போகாது, உங்களிடம் சொல்வது மட்டும் நின்றுவிடும். அந்தக் காட்சியை மறுபடி போட்டுக்காட்டித் தைரியம் வரவழைக்கவும் முயலாதீர்கள்.

பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டால், படுக்கையில் சிறுநீர் போவது திரும்பி வந்தால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், விளையாட்டில் அதே காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்தால், காத்திருக்க வேண்டாம். மதுரை அரசு ராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மகளை மறந்துவிடாதீர்கள். தம்பி அலறியதில் எல்லோரும் அவனையே பார்த்திருப்பீர்கள். 11 வயதுப் பிள்ளை சத்தமில்லாமல் பயப்படும். அவளுக்கு விளக்கம் வேலைசெய்யும்: சண்டைப் பயிற்சியாளர் எண்ணிக்கை சொல்லித்தான் ஒவ்வோர் அடியும் விழுகிறது, கத்தி டம்மி, ரத்தம் பாகில் கரைத்த சிவப்பு நிறம், அலறல் தனியாக டப்பிங்கில் சேர்த்தது. அதோடு, "நம் தெருவில் இப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்று கேட்டு அவளைப் பேச விடுங்கள்.

அடுத்த படத்துக்கு முன்னால் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். முதல் நாள் முதல் காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். அன்றைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஊரில் ஆளே இருக்காது. மூன்று நாள் பொறுத்தால் பார்த்தவர்கள் கிடைப்பார்கள். அவர்களிடம் "படம் எப்படி?" என்று கேட்காதீர்கள், "சூப்பர்" என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: படத்தில் சின்னப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிறதா? பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க அம்மாவையோ அப்பாவையோ அடிக்கிறார்களா? வீட்டுக்குள் நடக்கிறதா, வெளியிலா? நாய், ஆடு, மாடு ஏதாவது சாகிறதா? பயக் காட்சி இடைவேளைக்கு எவ்வளவு நேரம் முன்னால் வருகிறது? இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால், முத்திரை சொல்லாத பாதி விவரம் கைக்கு வந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது. பெரிய தமிழ்ப் படங்கள் இங்கிலாந்திலும் வெளியாகின்றன. அங்கே 1912-இலிருந்து இயங்கும் பிபிஎஃப்சி என்ற வாரியம் அவற்றுக்குத் தனியாக வயது கொடுக்கிறது. அதன் இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடினால், முத்திரையோடு வன்முறை எந்த அளவு, ரத்தக் காயம் காட்டப்படுகிறதா என்று சுருக்கமாக எழுதியிருப்பார்கள். '15' என்றால் அங்கே 15 வயதுக்குக் கீழ் எவரும், பெற்றோரோடு வந்தாலும், உள்ளே போக முடியாது. சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே என்ன முத்திரை என்று கேளுங்கள். 'என்சி16' என்றால் 16 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. வெளிநாட்டுப் பிரதியில் வெட்டுகள் வேறாக இருக்கலாம். இருந்தாலும் ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று முடிவெடுக்க இது போதும்.

உட்காரும் இடமும் முக்கியம். ஒலிப்பதிவுக் கூடத் தரத்தின்படி, தியேட்டரில் ஒரு ஸ்பீக்கரின் உச்ச சத்தம் 105 டெசிபல் வரை போகலாம், அடிநாத ஸ்பீக்கர் 115 வரை. பக்கச் சுவர் ஸ்பீக்கருக்கு நேர்கீழேயும் திரைக்கு அருகிலும் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். நடுவரிசைக்குக் கொஞ்சம் பின்னால், நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள், எழுந்து வெளியே போக யார் முழங்காலையும் தாண்ட வேண்டியிருக்காது. பயக் காட்சியில் பிள்ளையின் கண்ணை மட்டும் பொத்தினாலும் சத்தம் அப்படியே கேட்கும். பொத்துவதானால் காதைப் பொத்துங்கள். இல்லையென்றால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

வீட்டில் இணையம் வழியாகப் பார்க்கும் ஓடிடி திரைக்கு வாரியத்தின் கை எட்டாது. ஓடிடி தளங்கள் 2021 விதிகளின்படி தாங்களே வயது முத்திரை போட்டுக்கொள்கின்றன. 13+ அல்லது அதற்கு மேல் என்றால் பூட்டு வசதி கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்தப் பூட்டை நாம்தான் போட வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் பிள்ளைக்குத் தனி புரொஃபைல் உண்டாக்கி, அதன் அமைப்பில் வயது வரம்பை யு/ஏ 7+ என்று வையுங்கள். குறிப்பிட்ட படத்தின் பெயரைக் கொடுத்துத் தனியாகத் தடுக்கவும் அங்கேயே வழி இருக்கிறது. பிறகு உங்கள் புரொஃபைலுக்கு நான்கு இலக்க பின் போடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பிள்ளையின் கதவை மூடிவிட்டு அப்பாவின் கதவைத் திறந்து போட்டிருப்பார்கள். பின் எண்ணாக வண்டி நம்பரையோ பிறந்த வருடத்தையோ வைக்காதீர்கள், அது பிள்ளைகளுக்கு மனப்பாடம். முன்னோட்டங்கள் தானாக ஓடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். யூடியூபில் வரும் ட்ரெய்லருக்கு வாரியச் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டருக்காக வெட்டி நீக்கிய காட்சியும் அங்கே ஓடலாம்.

பையனை மறுபடி எப்போது தியேட்டருக்குக் கூட்டிப் போவது? அவன் கேட்கும்போது. முதலில் ஒரு 'யு' படம், பகல் காட்சி, நடைபாதை ஓர இருக்கை. உள்ளே போகும் முன்பே, "உனக்கு வேண்டாம் என்றால் என் கையை இரண்டு தடவை அழுத்து, உடனே எழுந்து போய்விடலாம், அப்பா ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று சொல்லி வையுங்கள். படம் ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்ப்பதற்காகவே அப்படி அழுத்துவான். அப்போது சிரிக்காமல் எழுந்துவிடுங்கள். வெளியே பாப்கார்ன் கடை வரை ஒரு நடை போய்விட்டு வந்தால், அவனே உங்கள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கூட்டிக்கொண்டு வருவான்.